ஜோசப் லிஸ்டர்

ஜோசப் லிஸ்டர் (ஏப்ரல் 5, 1827 - பெப்ரவரி 10, 1912) ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். காயங்கள் சீழ் பிடிப்பதற்குக் காற்றில் உள்ள நச்சாவி காரணமன்று, உயிருள்ள நுண்ணுயிரிகளே காரணம் என்னும் கருத்தை அறுவை மருத்துவத்தில் நடைமுறைப்படுத்திக் காட்டியவர் இவர். கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு காயத்தையும், கருவிகளையும், மருத்துவரின் கைகளையும் தூய்மை செய்யும் அழுகல் தடுப்பு முறையை 1865 முதல் உருவாக்கினார். இன்று மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் தனிப் பிரிவுகள் இம்முறையின் வழித்தோன்றல்களே. எனினும் அங்கே இப்போது பின்பற்றப்படும் முறை லிஸ்டருடையது அன்று. அவரது முறையின் குறைகளிலிருந்து பிறந்தது.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் அப்டன் என்னும் ஊரில் குவேக்கர் சமயக் குடும்பம் ஒன்றில் லிஸ்டர் பிறந்தார். தந்தையார் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் திராட்சை மது வணிகர். ஓய்வு நேரத்தில் ஒளியியலில் ஈடுபட்ட அவர், நிறப்பிறழ்ச்சி இல்லாத நுண்நோக்கி வில்லைகளை உருவாக்கி அரச கழகத்தின் உறுப்பினரானார். நுண்நோக்கியைக் கையாளும் பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே வாய்த்தது. மற்ற அறுவை மருத்துவர்கள் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளை நம்ப மறுத்த காலத்தில் இவருக்கு அவை புதுமையாகத் தோன்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதவர்களுக்கு இடர் விளைவித்தமையால், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். 1847-இல் இளங்கலைப் பட்டமும் 1852-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். 1853-இல் எடின்பரோ சென்று, அங்கே புகழ்பெற்றிருந்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1856-இல் சைமின் மகள் ஆக்னசை மணந்தார். ஆக்னஸ் வேறு திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதால் லிஸ்டர் குவேக்கர் அமைப்பிலிருந்து விலகினார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவரின் ஆய்வுக் குறிப்புகளில் பெரும்பகுதி ஆக்னசின் கையெழுத்திலேயே உள்ளது.

அக்கால மருத்துவமனைகள்

1846-இல் ஈதர் மயக்கமருந்தும் அடுத்த ஆண்டு குளோரோபாமும் அறுவைக்கு வந்தன. வலி நீங்கியதால் அறுவைகள் பெருகின. பெருகிய அறுவைகளோடு அறுவைக்குப் பிந்தைய இறப்புகளும் பெருகின. குருதி நஞ்சேற்றம், அக்கிப் புண், மருத்துவமனை அழுகல் நோய் என்பன படுக்கைக்குப் படுக்கை பரவின. மருத்துவர்கள் பழைய குருதிக் கறை படிந்த மேலங்கியோடு அறுவை செய்தனர். கருவிகள் துடைக்கப்பட்டு வெல்வெட் விரித்த பெட்டிக்குள் திரும்பச் சென்றன. ஒரே பஞ்சு பல நோயாளிகளின் புண்களைக் கழுவியது. சிலவகைச் சீழ் ஆறுதலின் நல்ல அறிகுறி என்றே கருதப்பட்டது. குளோரோபாமை அறிமுகப்படுத்திய ஜேம்ஸ் யங் சிம்சன், பெரிய மருத்துவமனைக் கட்டிடங்களைக் கைவிட்டுத் தற்காலிகச் சிறு கட்டிடங்களை அமைக்க வேண்டும் என்று கூறுமளவுக்கு நிலைமை மோசமாக இருந்தது.

1860-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக அமர்ந்த லிஸ்டர், அடுத்த ஆண்டு அந்நகரின் அரச மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அவருக்குத் தரப்பட்ட பிரிவு புதிய கட்டிடத்தில் இருந்தது. புதியதாயினும் இறப்புகள் குறையவில்லை. விபத்தில் அடிபட்ட ஆண்களுக்கான தரைத்தளக் கூடத்தை ஒட்டிய நிலத்தில், 1849-ஆம் ஆண்டுக் காலராவில் இறந்தவர்களின் சவப்பெட்டிகள் மேல்மண்ணுக்குச் சில அங்குல ஆழத்திலேயே புதைக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

எலும்பு முறிந்தும் தோல் கிழியாத நோயாளி பெரும்பாலும் பிழைப்பதையும், அதே முறிவில் தோல் கிழிந்திருந்தால் பெரும்பாலும் காலையோ உயிரையோ இழப்பதையும் லிஸ்டர் கண்டார். இரண்டுக்கும் வேறுபாடு தோல் ஒன்றே. வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே நுழைகிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. அது எது என்பதே கேள்வியாக இருந்தது.

கார்பாலிக் அமிலம்

கிளாஸ்கோ வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், நொதித்தலும் அழுகலும் நுண்ணுயிரிகளால் நிகழ்கின்றன என்ற லூயி பாஸ்டரின் ஆய்வுகளை லிஸ்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பாஸ்டர் நுண்ணுயிரிகளை நீக்க மூன்று வழிகளைக் கண்டிருந்தார்: வெப்பம், வடிகட்டுதல், வேதிப்பொருள். உயிருள்ள மனிதனின் புண்ணைக் கொதிக்க வைக்கவோ வடிகட்டவோ இயலாது. ஆகவே லிஸ்டர் மூன்றாவதைத் தேர்ந்தார். கார்லைல் நகரில் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்ட செய்தி அவருக்குத் துணைநின்றது. இது நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள். இன்று பீனால் எனப்படுகிறது.

1865 ஆகஸ்ட் 12 அன்று ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற பதினொரு வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் எலும்பு முறிந்திருந்தது. தோலில் ஒன்றரை அங்குல நீளத்துக்குப் புண். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின்மேல் இட்டு, அமிலம் ஆவியாகாதிருக்க வெள்ளீயத் தகட்டால் மூடினார். நான்கு நாட்களுக்குப் பின் திறந்தபோது சீழ் இல்லை. ஆயினும் செறிந்த அமிலம் சுற்றியிருந்த தோலைப் புண்ணாக்கியிருந்தது. எனவே அதன் செறிவைக் குறைத்துத் தொடர்ந்தார். ஆறு வாரங்களில் எலும்பு கூடிற்று. சிறுவன் தன் இரு கால்களோடும் வீடு திரும்பினான். அதே ஆண்டு மார்ச்சில் செய்த முதல் முயற்சி தோல்வியில் முடிந்திருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

1867-இல் லான்செட் இதழில் தொடர்கட்டுரையாகப் பதினொரு நோயாளிகளின் விவரங்களை லிஸ்டர் வெளியிட்டார். அவர்களுள் ஒருவர் இறந்தார், ஒருவர் காலை இழந்தார்; ஒன்பது பேர் உறுப்போடு பிழைத்தனர். உறுப்பு நீக்க அறுவைகளைப் பற்றி 1870-இல் அவர் தந்த கணக்கு இன்னும் வெளிப்படையானது. பழைய முறையில் 1864, 1866 ஆகிய இரு ஆண்டுகளில் 35 பேரில் 16 பேர் இறந்தனர். புதிய முறையில் 1867 முதல் 1869 வரை 40 பேரில் 6 பேர் இறந்தனர். மருத்துவமனையைச் சூழ்ந்த புதைகுழிகளைப் பற்றியும் அக்கட்டுரையில் எழுதியதால் மருத்துவமனை மேலாளர்கள் சினந்து மறுப்பு வெளியிட்டனர்.

இதற்கிடையில் 1867-இல் தம் உடன்பிறந்தாள் இசபெல்லாவின் மார்பகப் புற்றுநோய்க்கு லிஸ்டரே அறுவை செய்தார். வேறு மருத்துவர்கள் தயங்கிய அறுவை அது. அவரது வீட்டிலேயே நடந்தது. புண் சீழின்றி ஆறியது. இசபெல்லா மேலும் மூன்றாண்டுகள் வாழ்ந்தார்.

கருவிகளும் தையல் நரம்பும்

லிஸ்டரின் முறை வெறும் கட்டுத்துணி முறையாகப் பலரால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. உண்மையில் புண்ணைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமியைக் கொண்டுவரக்கூடும் என்பதே அதன் அடிப்படை. கருவிகளை இருபதில் ஒரு பங்கு கார்பாலிக் கரைசலில் ஊறவைத்தார். கைகளையும் பஞ்சையும் நாற்பதில் ஒரு பங்கு கரைசலில் நனைத்தார்.

குருதிக் குழாய்களைக் கட்ட அதுவரை பட்டு நூல் பயன்பட்டது. அதன் நீண்ட முனைகளைப் புண்ணுக்கு வெளியே தொங்கவிட்டு, அழுகித் தளர்ந்த பின் இழுத்து எடுப்பர். அந்த நூல் வழியே சீழ் புகுந்தது. இழுக்கும்போது குருதி பீறிட்டு இறந்தோரும் உண்டு. லிஸ்டர் நூலைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்து, முனைகளைக் குட்டையாக வெட்டிப் புண்ணுக்குள்ளேயே விட்டார். பின்னர் விலங்குக் குடலிலிருந்து செய்யும் நரம்பை இவ்வாறு பதப்படுத்தி, கன்றுக்குட்டியின் தமனியில் கட்டி ஆய்ந்தார். அது உடலில் தானே கரைந்து மறைந்தது. 1869-இல் வெளியிட்ட இந்த ஆய்வு, கரையும் தையல் நரம்புகளின் தொடக்கமாயிற்று.

எதிர்ப்பும் ஏற்பும்

1869-இல் லிஸ்டர் எடின்பரோ திரும்பினார். கார்பாலிக் அமிலம் அவருக்கு முன்பே பிரான்சில் பயன்பட்டது எனச் சிம்சன் வாதிட்டார். அமிலம் அவருடைய கண்டுபிடிப்பன்று என்பது மெய்யே; லிஸ்டரும் அதற்கு உரிமை கோரவில்லை. அமிலத்தை எந்தக் கோட்பாட்டின்படி எவ்விடத்திலெல்லாம் பயன்படுத்துவது என்பதே அவருடைய பங்களிப்பு. வியன்னாவில் 1847-இலேயே குளோரின் கரைசலில் கைகழுவச் செய்து பிரசவ மரணங்களைக் குறைத்த செம்மல்வெய்சைப் பற்றி லிஸ்டர் அப்போது அறிந்திருக்கவில்லை.

செருமனியும் டென்மார்க்கும் அவரது முறையை விரைந்து ஏற்றன. ஹாலே நகரின் போல்க்மன், மியூனிக்கின் நுஸ்பௌம், கோபன்ஹேகனின் சாக்ஸ்டோர்ப் ஆகியோர் தத்தம் மருத்துவமனைகளில் பெரும் மாற்றத்தைக் கண்டனர். இலண்டன் இறுதிவரை முரண்டுபிடித்தது. 1871-இல் விக்டோரியா அரசியின் அக்குளில் தோன்றிய சீழ்க்கட்டியை லிஸ்டர் அறுத்தபோதும் அந்நகர மருத்துவர்கள் மனம் மாறவில்லை. 1877-இல் அவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தபோது வகுப்பில் மாணவர் கூட்டம் மிகக் குறைவு, செவிலியரும் ஒத்துழைக்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் அவர் ஒரு துணிச்சலான செயலைச் செய்தார். முழங்கால் சில்லு முறிந்த ஒருவரின் மூட்டைத் திறந்து, உடைந்த துண்டுகளை வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். தோல் கிழியாத மூட்டை வேண்டுமென்றே திறப்பது அக்கால வழக்கில் உயிரோடு விளையாடுவதாகும். புண் ஆறியது; நோயாளி நடந்தார். அதன்பின் இலண்டன் மெல்ல இணங்கிற்று.

தெளிப்பானைக் கைவிடல்

காற்றிலிருந்து கிருமிகள் விழுவதைத் தடுக்க, 1870-களின் தொடக்கத்தில் லிஸ்டர் கார்பாலிக் தெளிப்பானை அறிமுகப்படுத்தினார். முதலில் கையாலும் பின்னர் நீராவியாலும் இயங்கிய இக்கருவி அறுவைக்கூடம் முழுவதையும் மூடுபனியால் நிறைத்தது. மருத்துவர்களின் தோல் வெடித்தது, இருமல் வந்தது. 1881-இல் இராபர்ட் கோக், எண்ணெயில் கரைத்த கார்பாலிக் அமிலம் கிருமிகளைக் கொல்வதில்லை என்றும், நுண்ணுயிரிகளின் வித்திகள் நீர்க்கரைசலையும் எளிதில் தாங்குகின்றன என்றும் காட்டினார். காற்றைவிடக் கைகளும் கருவிகளுமே பெரும் இடர் என்பதும் தெளிவாயிற்று. லிஸ்டர் தெளிப்பானை நிறுத்தினார். 1890-இல் பெர்லினில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில், அதைப் பயன்படுத்தியதற்காக வெட்கப்படுவதாக வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். தம் புகழுக்குக் காரணமான ஒரு கருவியைத் தாமே பழித்துப் பேசும் ஆய்வாளர்கள் அரியர்.

அதற்குள் வேறொரு வழி வளர்ந்திருந்தது. பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் சேம்பர்லாந்து அழுத்த நீராவிக் கலனை உருவாக்கினார். பெர்லினில் எர்னஸ்ட் பான் பெர்க்மனும் அவருடைய உதவியாளர் கூர்ட் சிம்மல்புஷ்சும் கட்டுத்துணிகளை நீராவியிலும், உலோகக் கருவிகளைச் சோடா கலந்த கொதிநீரிலும் கிருமிநீக்கம் செய்தனர். சோடா துருவைத் தடுத்தது. மரத்தாலும் தந்தத்தாலும் ஆன கைப்பிடிகள் கொதிநீரைத் தாங்கா. ஆகவே முழுதும் உலோகத்தாலான கருவிகள் வழக்கத்துக்கு வந்தன. புண்ணுக்குள் கிருமியைக் கொல்வதைவிட, புண்ணை அணுகும் பொருள்களில் கிருமியே இல்லாதவாறு செய்வது மேல் என்னும் இம்முறை கிருமியற்ற முறை எனப்பட்டது. பாஸ்டர் காட்டிய மூன்று வழிகளுள் லிஸ்டர் விட்டுவிட்ட வெப்பமே, நோயாளியின் உடலுக்குப் பதிலாகக் கருவிகளின்மேல் செலுத்தப்பட்டபோது வென்றது.

இன்றைய கிருமிநீக்கப் பிரிவுகளில் நீராவி பொதுவாக 121 பாகை செல்சியசில் 15 நிமிடமோ, 134 பாகையில் 3 நிமிடமோ கருவிகளைத் தொட்டிருக்க வேண்டும். அதற்குமுன் கருவிகளின் பூட்டுகளைத் திறந்து, காய்ந்த குருதியும் தசைத்துணுக்கும் நீங்கக் கழுவுதல் முதற்படி. கறை படிந்த இடத்தை நீராவி சென்றடையாது. அடியில் உள்ள கிருமி பிழைத்துக்கொள்ளும். கிருமிக்கொல்லிக் கரைசல்களுக்கும் உரிய செறிவும் ஊறும் நேரமும் உண்டு. நீராவிக் கலன் சரியாக இயங்குவதைச் சோதிக்க, வெப்பத்தை மிகவும் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்திகளை உள்ளே வைத்துப் பார்ப்பர். லிஸ்டரின் அமிலத்துக்கு அடங்காத வித்திகளே இவ்வாறு அளவுகோலாயின.

பிற்கால வாழ்க்கை

1883-இல் லிஸ்டருக்குப் பாரனெட் பட்டமும், 1897-இல் பிரபுப் பட்டமும் வழங்கப்பட்டன. 1895 முதல் 1900 வரை அரச கழகத்தின் தலைவராக இருந்தார். 1892 டிசம்பரில் பாரிசு சார்போன் அரங்கில் நடந்த பாஸ்டரின் எழுபதாம் பிறந்தநாள் விழாவில் கலந்துகொண்டார். அங்கே தளர்ந்திருந்த பாஸ்டர் எழுந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டார். மறு ஆண்டு இத்தாலியில் ரப்பல்லோ என்னுமிடத்தில் ஆக்னஸ் நிமோனியாவால் இறந்தார். அதன்பின் லிஸ்டர் தொழிலில் பெரிதும் ஈடுபடவில்லை. 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னருக்குக் குடல்வால் சீழ்க்கட்டி ஏற்பட்டு முடிசூட்டு விழா தள்ளிப்போனபோது, அறுவை செய்த பிரெடெரிக் டிரீவ்ஸ் முதலானோர் லிஸ்டரைக் கலந்தாலோசித்தனர்.

1912 பெப்ரவரி 10 அன்று கெண்ட் மாவட்டத்தின் வால்மர் நகரில் லிஸ்டர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் இறுதி வழிபாடு நடந்தது. ஆனால் அவரது விருப்பப்படி மனைவியின் அருகே வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். லிஸ்டீரியா என்ற பாக்டீரியப் பேரினமும், 1879-இல் அமெரிக்காவில் தோன்றிய லிஸ்டரின் என்ற வாய்கொப்புளிப்பு நீர்மமும் அவர் பெயரைத் தாங்குகின்றன. இரண்டாவதை உருவாக்கியதில் அவருக்குப் பங்கில்லை. சிறுவன் கிரீன்லீஸ் படுத்திருந்த கிளாஸ்கோ மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக் கட்டிடம் 1920-களில் இடிக்கப்பட்டது.