பட்டம் பெறாத மேதை

சென்ற கோடை விடுமுறையில், கொச்சி சுள்ளிக்கல்லில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் மனம் சோர்ந்து கிடந்தேன். மின்காந்தவியல் தாளில் தவறிவிட்டேன். படிப்பையே விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன். அவ்வேளையில் கைவிளக்குப்போல் வந்தது ஆலிவர் ஹெவிசைடின் வரலாறு. தோழர்களே, அதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

1850-இல் இலண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையில் கண்ட காய்ச்சலால் செவி மந்தமாயிற்று. 16 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. தந்தி அலுவலில் சேர்ந்தார். 24-ஆம் வயதில் அதையும் விட்டார். பெற்றோர் வீட்டில் அமர்ந்து மாக்ஸ்வெல்லின் பெருநூலைத் தாமே கற்றார். இருபதாய் விரிந்து கிடந்த சமன்பாடுகளை நான்காகச் சுருக்கினார். மாக்ஸ்வெல் பெயரால் நாம் நெட்டுருப் போடுவது அவர் வடித்த அந்த உருவத்தைத்தான்!

1893-இல் துணிவான கேள்வியொன்றை எழுப்பினார். மின்னூட்டம் ஓடினால் காந்தவிசை பிறக்கிறது. அங்ஙனமாயின், பொருள் ஓடும்போது நியூட்டன் கண்ட ஈர்ப்போடு காந்தம் போன்ற மற்றொரு விசையும் பிறக்க வேண்டாமோ? ஈர்ப்பும் ஒளியைப்போல் ஓர் அளவான வேகத்தில் பரவலாகாதோ? வளையாத வெளியில் வைத்தே இதற்குச் சமன்பாடுகள் எழுதினார். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். பொருள்களோ ஒன்றையொன்று இழுக்கும். ஆகவே குறி மட்டும் மாறியது. அவ்விசையோ மிக நுண்ணியது. அதை அளக்க அன்று கருவி இல்லை.

1915-இல் காலவெளியே வளைகிறது என்று ஐன்ஸ்டைன் காட்டினார். ஹெவிசைடின் கொள்கை முழுமையன்று என்பது தெளிவாயிற்று. ஆனால் அது வீண்போகவில்லை. ஈர்ப்பு மெலிந்து, வேகமும் குறைந்த இடங்களில், சில எண்கள் வேறுபட்டாலும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் ஏறத்தாழ அதே வடிவம் கொள்கின்றன. சுழலும் பூமி எழுப்பும் அந்தக் காந்தம் போன்ற விளைவை, 2004-இல் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி என்னும் செயற்கைக்கோள் நான்கு சுழலிகளைக் கொண்டு அளந்தது; 2011-இல் முடிவு வெளியாயிற்று. ஈர்ப்பலை ஒளியின் வேகத்திலேயே செல்கிறது என்பதை 2017-இல் உலகம் கண்டது.

இவற்றையெல்லாம் காண அவர் இல்லை. 1925-இல் டார்க்கி நகரில், தனிமை வாழ்வின் முடிவில் மறைந்துவிட்டார்.

அடுத்த மாதம் அத்தாளை மீண்டும் எழுதப்போகிறேன். தேறுவேனோ, அறியேன். ஆனால் அந்த நான்கு சமன்பாடுகளைக் கண்டு இனி அஞ்சமாட்டேன். கல்லூரியே காணாத ஒருவர் தனியறையில் உழைத்து நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அல்லவா அவை!