ஆல்பிரட் பினே

தேர்வு நாட்களில் எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. இரவு 11 மணி வரை கண்விழித்துப் படித்தவளும் காலையில் வந்ததும் தான் புத்தகத்தைத் தொடவே இல்லை என்பாள். முதல் வகுப்பில் நாங்கள் இப்படி இல்லை. அப்போது சிலேட்டு நிறைய எழுதியவளே எங்களுக்குக் கெட்டிக்காரி. வளர வளர, பாடுபடாமல் மதிப்பெண் பெறுபவளே அறிவாளி, பாடுபடுகிறவள் மந்தம் என்று எப்படியோ எண்ணத் தொடங்கிவிட்டோம். இந்த எண்ணத்தை எதிர்த்து நின்ற ஒருவரின் வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

ஆல்பிரட் பினே 1857 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8 ஆம் நாள் நீஸ் நகரில் பிறந்தார். தந்தை மருத்துவர், தாய் ஓவியர். பள்ளி இறுதித் தேர்வில் அவர் சொன்ன ஒரு விடை பிழையாகிவிட்டது. தத்துவ அறிவு அவருக்கு ஒருநாளும் வராது என்று தேர்வாளர் கூறிவிட்டார். ஒருநாளும் என்ற அச்சொல் பினேயின் நெஞ்சில் தைத்தது. ஐம்பது வயதைக் கடந்தபின் எழுதிய நூலிலும் அதை அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

சட்டம் படித்தும் அத்தொழிலை நாடாமல், உளவியலைத் தாமே படித்துக் கற்றார். பாரிஸில் சார்க்கோ என்னும் பெரிய மருத்துவரிடம் பணியாற்றியபோது, காந்தத்தால் நோயாளிகளின் உணர்ச்சிகளை மாற்றலாம் என்று எழுதினார். அது தவறு என்று பிறர் காட்டியதும் தம் பிழையை ஒப்புக்கொண்டார். ஒரு கணக்கில் தவறினாலே வினாத்தாளைக் குறைகூறும் எங்களுக்கு இது பெரிய வியப்பு!

பின்னர், தம் பெண்கள் மதலேன், அலீஸ் இருவரையும் வீட்டிலேயே கவனித்து ஆராய்ந்தார். இரண்டு கோடுகளில் எது நீளம் என்று கண்டுபிடிப்பதில் அச்சிறுமிகள் ஏறக்குறைய பெரியவர்களுக்குச் சமமாக இருந்தனர். கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதில்தான் பின்தங்கினர்.

பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளுக்கு வழி காண 1904 இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த பினே, 1905 இல் மருத்துவர் சிமோனுடன் சேர்ந்து 30 சிறு சோதனைகளை வகுத்தார். யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று அறிவதே அவர் நோக்கம். எவரையும் ஒதுக்குவதன்று.

அக்குழந்தைகளின் வகுப்பில் நடந்த பயிற்சிதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆசிரியர் சைகை காட்டியதும் சிறுவர்கள் சிலைபோல் அசையாமல் நிற்க வேண்டும். பல பொருள்களைச் சில வினாடிகள் பார்த்துவிட்டு, மறைத்தபின் அவற்றின் பெயர்களைச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்க வந்த பாராளுமன்ற உறுப்பினர்கள் தாங்களும் முயன்றனர். அந்தச் சிறுவர்கள் அளவுக்கு அவர்களால் சொல்ல முடியவில்லை! சிறுவர்கள் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான். அறிவின் அளவு பிறவியிலேயே முடிந்துவிட்டது என்போரை பினே 1909 இல் வெளியிட்ட நூலில் கடுமையாக மறுத்தார்.

1911 அக்டோபர் 18 இல், 54 வயதில், அவர் காலமானார். அவருடைய சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற சிலர், அதனால் கிடைக்கும் எண் மாறவே மாறாது என்று கூறினர். அவர் எதற்கு அஞ்சினாரோ அதுவே அவர் பெயரால் நடந்தது.

சிலை விளையாட்டை எங்கள் வகுப்பிலும் ஆடிப் பார்த்தோம். கணக்குத் தனக்கு வராது என்று சொல்லும் தோழிதான் கடைசிவரை அசையாமல் நின்றாள். மறுநாள் கணக்குத் தேர்வு. எவ்வளவு நேரம் படித்தாய் என்று அவளைக் கேட்டோம். பத்தரை வரை என்றாள். நாங்களும் உண்மையைச் சொன்னோம், சற்றுக் கூச்சத்தோடுதான்.