துடைப்பம், செங்கல், கணக்கு நோட்டு: பள்ளிக்கூடம் நடத்தும் வேலையை புக்கர் டி. வாஷிங்டன் கற்றது எப்படி?

பள்ளிக்கூடம் என்றதும் ஆசிரியர், மாணவர், பாடப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது, மாசம் பிறந்தால் சம்பளத்துக்கு எங்கே போவது, விடுதி அடுப்பில் இன்று என்ன வேகும் என்று கவலைப்படவும் ஒரு ஆள் வேணும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இன்று இந்த வேலைக்கென்றே தனிப் படிப்பும் சான்றிதழும் இருக்கின்றன. அப்படி எதுவுமே இல்லாத காலத்தில், அடிமையாகப் பிறந்த ஒருவர் அதைக் கற்றுக்கொண்டு ஒரு பெரிய கல்வி நிலையத்தையே எழுப்பினார். அவர்தான் புக்கர் டி. வாஷிங்டன்.

துடைப்பமே நுழைவுத் தேர்வு

1856-ல் வர்ஜீனியாவில் ஒரு பண்ணையில் பிறந்தார். அம்மா அங்கே சமையல் வேலை செய்த அடிமைப் பெண். 1865-ல் விடுதலை கிடைத்ததும் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனது. சின்ன வயதிலேயே உப்புக் காய்ச்சும் இடத்தில் வேலை, பிறகு நிலக்கரிச் சுரங்கம். அதற்கப்புறம் வயலா ரஃப்னர் என்ற அம்மையாரின் வீட்டில் சேர்ந்தார். மூலையில் கொஞ்சம் தூசி இருந்தாலும் விடமாட்டார் அந்த அம்மா. மற்ற பையன்கள் ரெண்டு மூணு வாரத்தில் ஓடிவிடுவார்கள். புக்கர் தாக்குப்பிடித்தார்.

1872-ல், கறுப்பின மாணவர்களுக்காக நடந்த ஹாம்ப்டன் பள்ளியைத் தேடிக் கிளம்பினார். சுமார் 500 மைல் தூரம். வண்டியிலும் கால்நடையாகவும் போய்ச் சேர்ந்தபோது கையில் இருந்தது 50 சென்ட். அழுக்குத் துணியோடு நின்றவரைச் சேர்த்துக்கொள்ள தலைமை ஆசிரியைக்குத் தயக்கம். கடைசியில் ஒரு வகுப்பறையைப் பெருக்கச் சொன்னார். புக்கர் மூணு தடவை பெருக்கி, நாலு தடவை துடைத்தார். ஆசிரியை கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார், தூசி ஒட்டவில்லை. இடம் கிடைத்தது. சாப்பாட்டுச் செலவுக்காக அங்கேயே துப்புரவு வேலையும் கிடைத்தது.

படிப்புக் கட்டணத்தை ஒரு வடமாநில நன்கொடையாளர் கட்டினார். இப்படிப்பட்ட பள்ளிகள் யார் பணத்தில் ஓடுகின்றன என்பதைப் பணம் பெறுபவர் பக்கத்தில் இருந்தே பார்த்தாச்சு. 1879-ல் ஆசிரியராக அங்கே திரும்பியபோது, செவ்விந்திய மாணவர்களின் விடுதிப் பொறுப்பும், பகலில் உழைத்து இரவில் படிக்கும் ஏழைகளுக்கான இரவுப் பள்ளியும் அவரிடம் வந்தன. பள்ளி நிர்வாகத்தில் அவர் பெற்ற பயிற்சி இவ்வளவுதான். ஆனால் அது சாதாரணப் பயிற்சி இல்லை.

சம்பளம் உண்டு, கட்டடம் இல்லை

அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ ஊரில் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்க முடிவானது. தலைமைக்கு ஆள் கேட்டுக் கடிதம் வந்தபோது, ஹாம்ப்டன் தலைவர் ஜெனரல் ஆம்ஸ்ட்ராங் பரிந்துரைத்தது 25 வயது வாஷிங்டனை. போய்ப் பார்த்தால் அரசு ஒதுக்கியது ஆண்டுக்கு 2,000 டாலர். அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலம், கட்டடம், பெஞ்சு எதற்கும் ஒரு காசு கிடையாது. 1881 ஜூலை 4 அன்று 30 மாணவர்களோடு ஒரு பழைய கொட்டகையில் பள்ளி தொடங்கியது. மழை பெய்தால் ஒரு மாணவர் எழுந்து வந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார்.

பக்கத்தில் 100 ஏக்கர் நிலம் 500 டாலருக்கு விலைக்கு வந்தது. முன்பணத்துக்கு ஹாம்ப்டன் பொருளாளர் மார்ஷல் தன் சொந்தப் பணத்திலிருந்து கடன் கொடுத்தார். அதை அடைக்க உதவியவர் சக ஆசிரியை ஒலிவியா டேவிட்சன். விருந்து, விழா என்று நடத்தி வீடு வீடாகப் போய் வசூலித்தார். அடிமையாக வாழ்ந்த எழுபது வயதுப் பாட்டி ஒருவர், தன்னிடம் இருந்த ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்தே மாதத்தில் நிலத்தின் விலை முழுவதும் கட்டியாச்சு.

கட்டடத்துக்குச் செங்கல் வேணும், ஊரில் சூளை இல்லை. மாணவர்களையே அறுக்க வைத்தார். படிக்க அனுப்பினால் மண் மிதிக்கச் சொல்கிறாரே என்று பெற்றோர் சிலர் சண்டைக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு, அடிமை உழைப்பை மறக்கத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல் சூளை வீண். இரண்டாவதும் வீண். மூன்றாவது, வேகும் கடைசிக் கட்டத்தில் சரிந்தது. கையில் காசு தீர்ந்தபோது தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நாலாவது சூளையைப் போட்டார். அது வெந்தது. கடிகாரம் மீளவே இல்லை. பின்னால் ஊரிலிருந்த வெள்ளைக்காரர்களே இங்கே செங்கல் வாங்க வந்தார்கள்.

பள்ளி வளர வளர, வருஷத்தில் பல மாதம் வடமாநிலங்களில் நன்கொடை கேட்டு அலைந்தார். ஆனாலும் எங்கே இருந்தாலும் தினமும் டஸ்கிகீயிலிருந்து ஓர் அறிக்கை வந்தாக வேண்டும். வரவு எவ்வளவு, எத்தனை மாணவர் வரவில்லை, எத்தனை கேலன் பால் கறந்தது, இறைச்சி வேகவைத்ததா சுட்டதா, காய்கறி சொந்தப் பண்ணையில் பறித்ததா கடையில் வாங்கியதா என்பது வரை அதில் இருக்கும். அவர் கீழே வேலை பார்ப்பது சுலபமாக இருந்திருக்காது!

பணத்துக்குக் கொடுத்த விலை

1903-ல் ஆண்ட்ரூ கார்னகி மட்டும் 6 லட்சம் டாலர் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி அதே ஆண்டு இந்தியன் ஒப்பீனியன் இதழில் வாஷிங்டனைப் பாராட்டி எழுதினார்.

ஆனால் கொடுப்பவர்கள் பணக்கார வெள்ளையர்கள். பள்ளி இருந்ததோ கறுப்பினத்தவரை அடித்தே கொல்லும் கூட்டங்கள் நடமாடிய தென்மாநிலத்தில். 1895-ல் அட்லாண்டாவில் பேசிய வாஷிங்டன், அரசியல் உரிமைக்காக இப்போதே மோத வேண்டாம், முதலில் தொழிலும் சொத்தும் சேர்ப்போம் என்ற பாதையை முன்வைத்தார். வெள்ளையர்கள் கொண்டாடினார்கள். டு போய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1903-ல் வெளியிட்ட தன் நூலில் அதைக் கடுமையாக விமர்சித்தார். வாக்குரிமை இல்லாமல் சேர்த்த சொத்தை எப்படிக் காப்பது என்பது அவர் தரப்பு. அதற்கு வாஷிங்டனிடம் சரியான பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே சமயம், அலபாமாவில் கறுப்பினத்தவரின் வாக்குரிமை பறிபோனதை எதிர்த்து நடந்த வழக்குக்கு அவர் ரகசியமாகப் பணம் கொடுத்திருந்தார். இது அவர் காலத்துக்குப் பின், அவருடைய கடிதங்களை ஆராய்ந்தபோது தெரியவந்தது. தெரிந்திருந்தால் நன்கொடை நின்றிருக்கும். பள்ளிக்காக அவர் வெளியே ஒரு முகமும் உள்ளே ஒரு முகமுமாக வாழ்ந்திருக்கிறார்.

1915 நவம்பர் 14 அன்று டஸ்கிகீயில் 59 வயதில் இறந்தார். அப்போது பள்ளிக்கு 100-க்கும் மேற்பட்ட கட்டடங்கள், சுமார் 1,500 மாணவர்கள், கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் நிதி இருந்தன.

சாவதற்கு முன் சில ஆண்டுகளில் இன்னொரு காரியத்தைத் தொடங்கியிருந்தார். சியர்ஸ் நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்டுடன் சேர்ந்து, கிராமப்புறக் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டும் திட்டம் அது. ரோசன்வால்டு ஒரு பங்கு தருவார், ஊரார் ஒரு பங்கு போட வேண்டும், மீதிக்கு அரசு. 1932-க்குள் 15 மாநிலங்களில் சுமார் 5,000 பள்ளிகள் எழுந்தன. அரசுக்கு வரியும் கட்டிவிட்டு, தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்காகக் கறுப்பின மக்கள் தனியாகக் கையிலிருந்து போட்ட பணம், ரோசன்வால்டு தந்ததைவிடவும் கொஞ்சம் அதிகம்.