பனிநாட்டுப் பெருவீரர் செப்பாலா

உலகில் அருஞ்செயல் புரிந்தோர் பலர். அவருள் சிலர் மேடையிலே மாலை பெறுகின்றனர். பலர் வழியிலேயே மறைந்து போகின்றனர். பெரும்பாரத்தை நடுவழியில் சுமந்த ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் நம் இனத்தவரல்லர், நம் நாட்டவருமல்லர். வெயிலும் மழையும் அன்றி வேறு பருவம் அறியாத இத்தீவினராகிய நமக்கு, அவர் ஓடிய பனிவெளி கனவிலும் காணாத இடம். ஆயினும் பிழைப்பை நாடிக் கடல் கடந்தவர் என்னும் முறையில் அவர் நமக்கு உறவினரே.

நாம் புகைவண்டித் துறையில் எழுத்தராகப் பணியாற்றுகின்றோம். தண்டவாளமே இல்லாத தீவில் புகைவண்டி எழுத்தரா என்று பத்துபஸ்தியில் நகைப்போர் உண்டு. கப்பலை விட்டு இறங்கியபின் ஏற வேண்டிய வண்டிக்கு இங்கிருந்தே இடம் பதிந்து கொடுப்பது நம் வேலை. தண்டவாளம் முடியும் இடத்தில் மற்றொருவர் பணி தொடங்குகின்றது என்பதை நாள்தோறும் காண்கின்ற நமக்கு, இவ்வரலாறு மிகவும் நெருக்கமாகத் தோன்றுகின்றது.

இளமையும் பயணமும்

லியன்ஹார்டு செப்பாலா நார்வே நாட்டின் வடகோடியில் 1877 செப்டம்பர் 14-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கொல்லர், மீன்பிடி தொழிலும் செய்தவர். செப்பாலாவும் இளமையிலேயே தந்தையுடன் கடலுக்குச் சென்றார். பட்டறையில் சம்மட்டியும் பிடித்தார்.

அந்நாளில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள அலாஸ்காவில், நோம் என்னும் கடற்கரையூரில் பொன் கிடைத்தது. அதனைக் கண்டெடுத்த மூவருள் ஒருவரான யாபெட் லிண்டெபெர்க் செப்பாலாவின் ஊர்ப்பக்கத்து நண்பர். அவரது துணையை நம்பி 1900-ஆம் ஆண்டில் செப்பாலா அங்குச் சென்றார். நம் முன்னோருள் பலரும் தமக்கு முன் வந்த உறவினரின் ஒரு சொல்லை நம்பித்தானே இத்தீவுக்குக் கப்பல் ஏறினர்!

பொன் அவருக்கு வாழ்வளிக்கவில்லை, நாய்களே வாழ்வளித்தன. குளிர்காலத்தில் நோம் ஊரின் கடல் உறைந்துவிடும். கப்பல் வாராது. அஞ்சலும் உணவுப் பொருளும் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலேயே வரவேண்டும். இவ்வண்டிக்குச் சக்கரமும் இல்லை, கடிவாளமும் இல்லை. இணை இணையாகப் பூட்டிய நாய்களின் தலைப்பில் ஒரு முன்னோடி நாய் செல்லும். ஜீ என்றால் வலப்புறம், ஹா என்றால் இடப்புறம் என அது ஓட்டுநரின் குரலை உணர்ந்து திரும்பும். பனிப்புயலில் ஓட்டுநருக்குக் கண் தெரியாதபோது, வழியை அறிவது அந்த நாயின் காலும் மூக்குமே. சுரங்க நிறுவனத்தின் சரக்குகளை இவ்வாறு ஏற்றிச்சென்ற செப்பாலா, சில ஆண்டுகளில் தேர்ந்த ஓட்டுநராயினார்.

பந்தயத்தில் தோல்வியும் வெற்றியும்

நோம் ஊரில் 1908 முதல் அலாஸ்காப் பெரும்பந்தயம் நடைபெற்றது. கேண்டில் என்னும் ஊர்வரை சென்று திரும்ப 408 மைல். அதன் விதிகளுள் ஒன்று போற்றத்தக்கது. புறப்பட்ட நாய்கள் அத்தனையையும் திரும்பக் கொணர்தல் வேண்டும். களைத்த நாயை வழியில் விட்டுவிட்டு வருதல் கூடாது. அதனை வண்டியில் ஏற்றிக்கொண்டேனும் வரவேண்டும்.

துருவப் பயணி அமுண்ட்சனுக்கென்று வாங்கப்பெற்ற சைபீரிய நாய்க்குட்டிகள், அவர் பயணம் கைவிடப்பட்டமையால் செப்பாலாவுக்கே உரியவையாயின. அவற்றுடன் 1914-இல் அவர் முதன்முறை பந்தயத்தில் இறங்கினார். புயலில் வழி தவறியது. நாய்களின் பாதங்கள் கிழிந்து குருதி வடிந்தன. செப்பாலா பந்தயத்தினின்றும் விலகினார். தம்மை நம்பிய வாயில்லா உயிர்களைத் துன்புறுத்திவிட்டோம் என்று அவர் நாணினார். ஓராண்டு முழுதும் பாதையைக் கற்றார். நாய்களின் இயல்பையும் கற்றார். பின்னர் 1915, 1916, 1917 ஆகிய மூன்றாண்டுகளிலும் வெற்றி அவருடையதே. 1917-க்குப் பின், உலகப்போர் காரணமாக அப்பந்தயம் நின்றுபோயிற்று.

அவரது புகழ்பெற்ற முன்னோடி நாய் டோகோ. ஜப்பானியக் கடற்படைத் தலைவர் ஒருவரின் பெயரை அதற்கு இட்டிருந்தனர். குட்டியாக இருந்தபோது நோயுற்று மெலிந்து கிடந்தது. செப்பாலாவின் துணைவியார் கான்ஸ்டன்ஸ் அம்மையார் அதனைப் பேணி வளர்த்தார். வண்டிக்கு உதவாது என்றெண்ணி, வீட்டில் வளர்க்க வேறொருவருக்குக் கொடுத்துவிட்டனர். அதுவோ சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து, தன் தலைவரிடமே திரும்பி வந்தது! உதவாது என்று தள்ளப்பட்ட அக்குட்டியே பின்னாளில் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு உதவிற்று.

மருந்து வந்த வழி

1925 சனவரியில் நோம் நகரில் டிப்தீரியா என்னும் தொண்டையடைப்பான் நோய் பரவிக் குழந்தைகள் மாண்டனர். அவ்வூரின் ஒரே மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச். அவரிடம் இருந்த மாற்று மருந்தோ காலங்கடந்தது. கடல் உறைந்து கிடந்தது. விமானங்களோ திறந்த இருக்கை கொண்டவை. குளிர்காலத்திற்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஆங்கரேஜ் நகர மருத்துவமனையில் 300,000 அலகு மருந்து இருப்பது தெரியவந்தது. சனவரி 27-ஆம் நாள் அது புகைவண்டியில் நெனானா என்னும் நிலையத்தை அடைந்தது. நோமுக்குத் தண்டவாளம் இல்லை. அங்கிருந்து 674 மைல் பனிவெளி. அவ்வழியே அஞ்சல் செல்ல வழக்கமாகப் பல வாரங்கள் ஆகும்.

இருபது ஓட்டுநரும் ஏறத்தாழ 150 நாய்களும் கைம்மாற்றாக அம்மருந்தைக் கொண்டுசெல்ல ஏற்பாடாயிற்று. செப்பாலா நோமிலிருந்து எதிர்கொண்டு புறப்பட்டார். அவருடைய ஒரே மகளும் நோய் பரவிய அவ்வூரிலேயே இருந்தாள். டோகோவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாய்க்கு அது முதுமை. 170 மைல் கடந்தபின் எதிரே ஒரு வண்டி நிற்கக் கண்டார். கலைமான் ஒன்றை நாய்கள் துரத்தியமையால் சிக்கிய வார்களை அதன் ஓட்டுநர் ஹென்றி இவனாப் பிரித்துக்கொண்டிருந்தார். வழியில் பல ஓட்டுநர் புதிதாகச் சேர்க்கப்பட்ட செய்தி செப்பாலாவுக்கு எட்டவில்லை. அவர் கடந்துபோகவிருந்த நேரத்தில் இவனாப் கூவியழைத்து மருந்தை ஒப்படைத்தார்.

அன்றிரவே செப்பாலா திரும்பினார். நார்ட்டன் வளைகுடாவைச் சுற்றிச் சென்றால் ஒரு நாள் வீணாகும். உறைந்த கடலின்மீது நேரே சென்றால் பனிக்கட்டி பிளந்து கடலுக்குள் இழுத்துச் செல்லக்கூடும். குழந்தைகளை எண்ணி அவர் குறுக்கு வழியையே தேர்ந்தார். இருளிலும் புயலிலும் டோகோ முன்னே வழிகண்டு சென்றது. அவர் கடந்த பனிப்பரப்பு சில மணி நேரத்தில் உடைந்து போயிற்று. 91 மைல் மருந்தைச் சுமந்தபின் கோலோவின் என்னுமிடத்தில் அடுத்தவரிடம் அதனைக் கொடுத்தார். ஏனையோர் ஓட்டம் சராசரியாக 30 மைல். செப்பாலாவும் டோகோவும் போக வர ஓடியது 261 மைல்.

கடைசி வண்டியை ஓட்டிய குன்னர் காசன், பால்டோ என்னும் நாயை முன்னிறுத்தி, பிப்ரவரி 2-ஆம் நாள் விடியுமுன் நோமை அடைந்தார். மொத்தம் ஐந்தரை நாட்கள்! நகரம் பிழைத்தது.

புகழும் மனப்புண்ணும்

ஊரை அடைந்தவரையே உலகம் கண்டது. செய்தித்தாள்கள் பால்டோவைப் பாடின. அவ்வாண்டு திசம்பரிலேயே நியூயார்க் நகரப் பூங்காவில் அதற்குச் சிலை எழுந்தது. பால்டோவும் செப்பாலாவின் கொட்டகை நாயே. வேகம் போதாதென்று அவர் விட்டுச்சென்றது. டோகோவின் உழைப்பு மறக்கப்பட்டதே என்று செப்பாலா பெரிதும் வருந்தினார். அவரை மனக்குறையே இல்லாத முனிவராக நாம் காட்டவில்லை; அவரும் மனிதரே. காசனும் சிறுமைக்குரியவரல்லர், புயலில் வண்டி கவிழ்ந்தபோது வெறுங்கையால் பனியைத் துழாவி மருந்தை மீட்டவர். புகழோ நிலையற்றது. இரண்டே ஆண்டில் பால்டோ ஒரு காட்சிக்கூடத்தில் வாடியது. கிளீவ்லாந்து நகரத்துச் சிறுவர்கள் காசு சேர்த்து அதனை மீட்டனர்.

டோகோவுக்கு 1926-இல் நியூயார்க்கில் அமுண்ட்சனே பொற்பதக்கம் அணிவித்தார். முதுமையால் நலிந்த அதனை 1929 திசம்பர் 5-ஆம் நாள் செப்பாலா வலியின்றித் துயிலச் செய்தார். 1932 ஒலிம்பிக் விழாவில் காட்சிப் போட்டியாக நடந்த நாய்வண்டிப் பந்தயத்தில் அவர் இரண்டாமிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 54. 1967 சனவரி 28-ஆம் நாள் தம் 89-ஆம் வயதில் சியாட்டில் நகரில் காலமானார். அவரது சாம்பல் அலாஸ்காவின் பனிப்பாதையிலேயே தூவப்பட்டது. 1973 முதல் அங்கு ஏறத்தாழ 1,000 மைல் இடிட்டராட் பந்தயம் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. அதில் நாய்களைச் சிறப்பாகப் பேணிய ஓட்டுநருக்குச் செப்பாலாவின் பெயரால் விருது வழங்கப்படுகின்றது. முந்தியவர்க்கன்று, பேணியவர்க்கே அவர் பெயர்! டோகோவுக்கும் 2001-இல் நியூயார்க்கில் ஒரு சிலை அமைந்தது. எழுபத்தாறு ஆண்டுகள் தாழ்ந்தாலும் நீதி வந்து சேர்ந்தது.

நாம் கொள்ளும் படிப்பினை

சரக்கு ஒன்று ஊர் சேர்வதற்குள் எத்தனையோ கை மாறுகின்றது. கையொப்பமோ கடைசி நிலையத்தில்தான் விழுகின்றது. அவ்விருபதின்மருள் பலர் அலாஸ்காவின் பழங்குடியினர். அவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்? இத்தீவில் காடு வெட்டியும் கல் சுமந்தும் சாலை அமைத்த நம் பெரியோரும் நடுவழியில் சுமந்தவரே. இன்று நாம் நிற்பது அவர் கொணர்ந்து சேர்த்த இடம். ஆண்டு விழாவிலே முதலிடத்தில் அமர்ந்திருக்கும் முதியோரிடம் நம் பிள்ளைகள் சென்று, தாங்கள் எந்தக் கப்பலில் வந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வைப்பாராக. அதுவே நாம் அவர்க்கு எழுப்பும் சிலை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!