மங்கலான படங்களால் புகைப்படத்தைக் கலையாக்கிய ஜூலியா மார்கரெட் கேமரன்

கொல்கத்தாவில் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரனுக்குச் சொந்தமாக ஒரு கேமரா கிடைத்தபோது வயது 48. அது 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அளித்த பரிசு. புகைப்படம் கலையா அல்லது இயந்திரத்தின் வேலை மட்டும்தானா என்ற சர்ச்சை ஐரோப்பாவில் வலுத்திருந்த காலம் அது.

இந்திய தண்டனைச் சட்ட வரைவுப் பணியில் மெக்காலேயுடன் ஈடுபட்ட சார்லஸ் ஹே கேமரனை 1838-இல் மணந்த அவர், 1848-இல் இங்கிலாந்தில் குடியேறினார். பின்னாளில் வைட் தீவிலுள்ள வீட்டின் கோழிக்கூடம் அவரது படப்பிடிப்புக் கூடமாகவும், நிலக்கரி அறை இருட்டறையாகவும் மாறின.

கண்ணாடித் தகட்டில் கொலோடியன் கரைசலைப் பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து முடிக்க வேண்டிய முறை அது. எதிரில் அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். சற்று அசைந்தாலும் உருவம் கலங்கிவிடும். மற்றவர்கள் தூக்கியெறிந்த அத்தகைய படங்களை கேமரன் பாதுகாத்தார். உருவம் முழுத் தெளிவு பெறும்வரை அவர் லென்ஸைத் திருகவில்லை. தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். எந்த அளவு தெளிவு தேவை என்பதைக் கருவியல்ல, கலைஞரே தீர்மானிக்க வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு.

புகைப்படச் சங்கத்தினர் இதை ஏற்கவில்லை. கீறல்களையும் விரல் தடங்களையும் சுட்டிக்காட்டி, தொழில் தெரியாதவர் என இகழ்ந்தனர். தகடுகளைக் கையாள்வதில் அவர் கவனக்குறைவாக இருந்தது உண்மைதான். எனினும், 1867-இல் அவர் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் உருவப்படத்தில், இருளிலிருந்து எழும் அந்த முதிய முகத்துக்கு முன் அக்குறைகள் பெரிதாகத் தெரியவில்லை. டென்னிசன், டார்வின், கார்லைல் ஆகியோரைப் படமெடுத்த அதே கேமராவின் முன் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னி மரியாளாக நின்றார்.

லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-இலேயே அவரது படங்களை வாங்கியது. 1868-இல் படப்பிடிப்புக்காக இரு அறைகளையும் ஒதுக்கியது. இன்று விக்டோரியா மற்றும் ஆல்பர்ட் அருங்காட்சியகமாக விளங்குவது அதுவே.

குடும்பத்துக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875-இல் கணவருடன் சென்றபின் அவர் படமெடுப்பது குறைந்தது. தோட்டத் தொழிலாளர்களையும் அங்கு படமெடுத்தார். ஆயினும் அக்காலப் படங்களில் சிலவே எஞ்சியுள்ளன. 1879 ஜனவரி 26-ஆம் தேதி டிக்கோயா பள்ளத்தாக்கில் காலமான கேமரனின் கல்லறை, பொகவந்தலாவ புனித மரியாள் தேவாலய வளாகத்தில் உள்ளது.