குரல் சூப்பர், பேஸ் எங்கே? யார் இந்த பீட்டர் வாக்கர்?

1916-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர் பீட்டர் வாக்கர். 1936-ல் அவர் லண்டனில் ஆரம்பித்த கம்பெனிதான் பின்னாளில் 'குவாட்'. போரில் குண்டு விழுந்ததால் ஹண்டிங்டனுக்கு இடம் மாறினார்.

1957-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் கூம்பே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாள் மின்புலத்தில் அதிர்ந்து பாடும். குரல் அவ்வளவு தெளிவு!

பேஸ்தான் சிக்கல். தாள் ரொம்ப அசையாது. போதாக்குறைக்கு, முன்னும் பின்னும் கிளம்பும் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். 1963-ல் தொடங்கிய அடுத்த மாடலான இஎஸ்எல்-63, கடைக்கு வர 1981 ஆகிவிட்டது. மனுஷனுக்கு என்ன பொறுமை! அதிலும் நெஞ்சு அதிர்கிற பேஸ் இல்லை.

சாதாரண சப்வூஃபர் பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாகக் கேட்கும். அதனால் பின்லாந்தின் கிரேடியன்ட் கம்பெனி, தாளைப் போலவே இருபக்கமும் ஒலி விடும் எஸ்டபிள்யூ-63 சப்வூஃபரை இதற்கென்றே செய்தது.

வாக்கர் 2003-ல் மறைந்தார். அவரது ஸ்பீக்கர்களைத் தேடிப் பிடித்து, ரிப்பேர் செய்து கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.