ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள்... நடந்தே ஊர் ஊராகப் போனார்! பாப்பாரப்பட்டியில் உறங்கும் சுப்பிரமணிய சிவா யார்?

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தில் இருக்கிறது பாப்பாரப்பட்டி. 2022 ஆகஸ்ட்டில் இங்குள்ள பாரத மாதா நினைவாலயத்தின் பூட்டை உடைத்த விவகாரம் பெரிய செய்தியானது ஞாபகம் இருக்கலாம். அப்போது டிவி விவாதங்களில் கட்சிப் பெயர்கள்தான் அதிகம் அடிபட்டன. அந்த இடத்துக்காக உயிரைக் கொடுத்த மனுஷன் பற்றிப் பேச்சே இல்லை. அவர்தான் சுப்பிரமணிய சிவா.

கப்பலோட்டிய தமிழன் படம் பார்த்தவர்களுக்கு முகம் நினைவுக்கு வரும். 1961-ல் வந்த அந்தப் படத்தில் வ.உ.சி.யாக சிவாஜி, சிவாவாக டி.கே.சண்முகம்.

சிவா பிறந்தது 1884 அக்டோபர் 4-ம் தேதி, இன்றைய திண்டுக்கல் மாவட்டம் வத்தலக்குண்டில். இளைஞராகத் திருவனந்தபுரத்தில் இருந்தபோது தேசப்பற்றுப் பிரசாரம் செய்ததற்காக சமஸ்தானத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். அங்கிருந்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே வ.உ.சி. 1906-லேயே சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து வெள்ளைக்காரக் கம்பெனிக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்தார்கள். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூட்டம் கூட்டமாக மக்களைத் திரட்டியது இவர்களின் மேடைப் பேச்சுதான்.

மார்ச் 12-ம் தேதி இருவரும் கைது. மறுநாள் நெல்லையே கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் உயிரிழந்தனர்.

ராஜதுரோக வழக்கில் ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். சிவாவுக்கு 10 ஆண்டு தீவாந்தர தண்டனை. வ.உ.சி.க்கு ராஜதுரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உதவியதற்கு இன்னொரு 20 ஆண்டு. ஆமாம், சிவாவுக்குத் துணை நின்றதே தனிக் குற்றம்! மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. 1912 நவம்பரில் வெளியே வந்தார்.

ஆனால் உள்ளே போன ஆள் அல்ல வெளியே வந்தவர். ஜெயிலில் அவரைத் தொழுநோய் பிடித்திருந்தது.

இன்று தொழுநோய் மாத்திரையில் முழுமையாகக் குணமாகிவிடும். கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்ததே 1981-ல்தான். சிவா காலத்தில் நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது. அதைவிடக் கொடுமை, சட்டமே நோயாளிக்கு எதிராக இருந்தது. 1898-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், பொது வாகனங்களில் போவது, சில தொழில்கள் செய்வது என எல்லாவற்றிலும் நோயாளிகளுக்குத் தடை போட வழி செய்தது. சிவா ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடுத்தது. கூட்டம் போட்டுப் பேசும் ஒருவரை முடக்க இதைவிட சுலபமான வழி வேறென்ன இருக்கு?

அவர் முடங்கவில்லை. கட்டை வண்டி கிடைத்தால் வண்டி, இல்லையென்றால் நடை. உடம்பெல்லாம் புண்ணோடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார், நாடகம் போட்டார்.

இதற்கு நடுவில் எழுத்து வேலையும் நிற்கவில்லை. 1913-ல் சென்னையில் ஞானபாநு என்ற மாத இதழைத் தொடங்கினார். பாரதியார் அதில் எழுதியிருக்கிறார். தமிழில் கலந்து கிடந்த வடசொற்களைக் குறைத்து எழுத வேண்டும் என்ற பேச்சையும் அந்த இதழில் கிளப்பினார். அடுத்து பிரபஞ்சமித்திரன் என்ற பத்திரிகை. ஆட்சி அந்நியனுடையது என்றாலும் மொழியையும் வழிபாட்டையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு. பிற்பாடு காவி உடுத்தி, சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டதும் அதே யோசனையில்தான். 1921-ல் மறுபடியும் ஜெயில். நோய் முற்றியதால் 1922-ல் விடுதலை.

அந்த யோசனை கடைசியில் வந்து நின்ற இடம் பாப்பாரப்பட்டி. தருமபுரி அப்போது தனி மாவட்டம் இல்லை, சேலம் ஜில்லாவில் ஒரு பகுதி. 1965-ல்தான் பிரிந்தது. நண்பர்கள் உதவியோடு இங்கே நிலம் வாங்கி, பாரதபுரம் என்று பெயர் வைத்து ஆசிரமம் அமைத்தார். சாதி, மதம் பார்க்காமல் யாரும் வந்து கும்பிடும்படி பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது ஆசை. 1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் இந்தச் சின்ன ஊருக்கு வந்து அடிக்கல் நாட்டினார். பணம் திரட்ட சிவா மறுபடியும் பயணம் கிளம்பினார்.

பணமும் சேரவில்லை, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1925 ஜூன் 16-ம் தேதி சித்தரஞ்சன் தாஸ் காலமானார். அடுத்த மாதம் மதுரைப் பக்கமிருந்து சிவா பாப்பாரப்பட்டிக்குத் திரும்பினார். வந்து சேர்ந்த மறுநாள், ஜூலை 23-ம் தேதி விடியற்காலையில் உயிர் பிரிந்தது. வயது 40 தான். கோயில் அடிக்கல்லோடு நின்றது.

தமிழ்நாடு அரசு பின்னாளில் அங்கே மணிமண்டபம் கட்டியது. அதன்பின் பாரத மாதா நினைவாலயமும் வந்தது. கோபாலபுரத்தில் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர்தான். மாவட்டத்தில் கரும்பு போடும் விவசாயிகள் அந்தப் பெயரைத் தினமும் சொல்கிறார்கள், யார் என்று யோசிக்காமலே.

சரி, அந்தச் சட்டம் என்னாச்சு? சிவாவை நடக்க வைத்த 1898 சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் புத்தகத்தில் இருந்தது. 2016-ல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரைக்கும் இருந்தது.